முயல் விழுந்தால் முதுகு ஏன் முறிகிறது?

அடுக்குமாடியில் முயல் வளர்க்கிறவர்கள் முதலில் பயப்படுவது ஜன்னலைப் பார்த்துத்தான். பத்தாவது மாடி, பன்னிரண்டாவது மாடி என்று வசிக்கிற சிங்கப்பூரில் அது நியாயமான பயமும்கூட. ஆனால் முயலின் முதுகெலும்பு முறிய அவ்வளவு உயரம் வேண்டாம், சோபா உயரமே போதும், சில சமயம் அது விழக்கூட வேண்டியதில்லை.

காரணம் எலும்பும் தசையும். பூனையின் உடல் எடையில் எலும்புக்கூடு மட்டும் 12 முதல் 13 சதவீதம் இருக்கும். முயலுக்கு 7 அல்லது 8தான். ஓடித் தப்பிக்கிற பிராணிக்கு இலேசான எலும்பு நல்லதுதான், ஆனால் அந்த எலும்பின் மேல் உட்கார்ந்திருக்கும் பின்னங்கால் தசைகளோ படு முரட்டுத்தனமானவை. தரையில் நின்று உதைத்தால் அந்த விசை தரைக்குப் போய் உடம்பை முன்னே தள்ளிவிடும். அக்குளில் பிடித்துத் தூக்கி, பின்பக்கம் தொங்க விட்டிருக்கும்போது உதைத்தால்? ஊன்றிக்கொள்ள எதுவும் இல்லை, ஈரத்துணியை உதறுகிற மாதிரி இடுப்பு வீசி எறியப்படுகிறது, அந்த முறுக்கு முழுவதும் வளையக்கூடிய கீழ்முதுகு இடுப்பெலும்போடு சேரும் இடத்தில் போய் விழுகிறது. பெரும்பாலும் உடைவது ஏழாவது கீழ்முதுகு முள்ளெலும்பு அல்லது அதை ஒட்டிய பகுதி. உள்ளே ஓடும் தண்டுவடம் நசுங்கினால் பின்னங்கால்கள் செயலிழந்துவிடும்.

அதனால் தூக்குவதாக இருந்தால் ஒரு கை நெஞ்சுக்கு அடியில், இன்னொரு கை பின்பக்கத்தை முழுவதுமாகத் தாங்கி, உங்கள் உடம்போடு அணைத்துக்கொள்ளுங்கள். மல்லாக்கப் போட்டுக் கொஞ்சுவது வேண்டவே வேண்டாம். அது அசையாமல் கிடப்பது சுகத்தில் இல்லை, பயத்தில், எந்த நொடியும் துள்ளும். தீபாவளிக்கு வரும் பிள்ளைகள் முயலைத் தூக்கிப் போட்டோ எடுக்க ஆசைப்படுவார்கள், பாவம். தரையில் உட்காரச் சொல்லுங்கள், முயலே மடிக்கு வரட்டும். நிற்கிற பிள்ளையின் கையிலிருந்து, அதாவது ஒரு மீட்டர் உயரத்திலிருந்து நழுவினால், தரையைத் தொட அரை நொடிகூட ஆகாது, அப்போது வேகம் மணிக்கு ஏறக்குறைய 16 கிலோமீட்டர். டைல்ஸ் தரையில் அந்த வேகம் சட்டென்று நிற்கிறது. பாய் விரிப்பு இருந்தால் நிற்பதற்குக் கூடுதலாகச் சில மில்லிமீட்டர் கிடைக்கும், எலும்புக்கு ஏறும் விசை அந்த அளவுக்குக் குறையும்.

முயலின் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். நாய் பூனைக்கு இருக்கிற மெத்து இதற்குக் கிடையாது, அடியிலும் அடர்ந்த முடிதான். மண்ணில் நகம் பிடித்துக்கொள்ளும், மண்ணே இல்லாத நம் வீட்டுத் தரையில் வழுக்கும். சோபாவிலிருந்து குதித்து இறங்கும்போது கால்கள் விரிந்து போவது இதனால்தான். அடியில் ரப்பர் உள்ள, முடி குட்டையான கம்பளம் நல்லது. பிள்ளைகளுக்குப் போடும் நுரைப் பாய் வேண்டாம், கடித்து விழுங்கினால் குடல் அடைத்துக்கொள்ளும்.

கண்ணும் உதவாது. பக்கவாட்டில் இருப்பதால் சுற்றிலும், மேலேயும் தெரியும், கழுகு வந்தால் உடனே தெரியும். ஆனால் இரண்டு கண்ணும் சேர்ந்து பார்க்கும் பகுதி குறைவு, ஆழத்தைச் சரியாகக் கணிக்க முடியாது, மூக்குக்கு நேர் முன்னே பார்வையே இல்லை. ஏறிவிடும், இறங்கத்தான் தடுமாறும். ஜன்னல் ஓரத்தில் கட்டில், பக்கத்தில் நாற்காலி என்றால் நாமே படிக்கட்டு போட்டுக் கொடுத்த மாதிரி.

சரி, ஜன்னலுக்கு வருவோம். 2024 செப்டம்பரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் பூனைக்கு அனுமதி வந்தது, பூனைக்காரர்கள் வலை அடிக்கிறார்கள். முயலுக்கு நைலான் வலை சும்மா, பல் வைத்தால் தீர்ந்தது. கம்பி வலைதான் சரி. காற்றுக்காகக் கதவைத் திறந்துவிட்டு இரும்புக் கேட்டை மட்டும் பூட்டுகிற பழக்கம் நம் எல்லாருக்கும் உண்டு, தலை நுழைகிற இடைவெளியில் குட்டி முயல் முழுசாக வெளியே போய்விடும். கேட்டின் கீழ்ப்பாதிக்கும் வலை போடுங்கள்.

விழுந்துவிட்டால் முயல் பெரும்பாலும் கத்தாது, வலியை மறைப்பதுதான் அதன் பிறவிக்குணம். பின்னங்காலை இழுப்பது, பல்லை நறநறவென்று கடிப்பது, கூனி உட்கார்ந்து சாப்பிடாமல் இருப்பது, மூத்திரம் தானாகக் கசிவது, இவற்றில் எது தெரிந்தாலும் காத்திருக்காதீர்கள். வெறுமனே சாப்பிடாமல் இருந்தாலே குடல் நின்றுபோகும், அது தனி ஆபத்து. முதுகு வளையாமல் தடித்த அட்டையில் மெல்ல நகர்த்தி, துண்டு விரித்த பெட்டியில் வைத்துக் கொண்டு போங்கள். நாம் போடுகிற வலி மாத்திரையை உடைத்துக் கொடுக்காதீர்கள். அப்புறம், எல்லாக் கிளினிக்கும் முயல் பார்ப்பதில்லை. இரவில் முயலை எடுத்துக்கொள்ளும் கிளினிக் எது என்று இப்போதே கேட்டு, நம்பரைப் போனில் போட்டு வையுங்கள்.