படுக்கையறைக்குள் வந்த பெயிண்ட் பட்டறை

கோயம்புத்தூரில் நுரையீரல் மருத்துவம் பார்ப்பவருக்கு, இருமலோடு வருபவரின் தொழிலைக் கேட்டாலே பாதி நோய் பிடிபட்டுவிடும். மில் என்றால் பஞ்சு, ஃபவுண்டரி என்றால் மணல் தூசி, டிங்கரிங் பட்டறை என்றால் பெயிண்ட். கொஞ்ச காலமாக இந்தக் கணக்கில் அடங்காத சிலர் வருகிறார்கள். ஐடி வேலை, வங்கி வேலை, காலேஜ் வாத்தியார் வேலை. சிகரெட் பழக்கம் கிடையாது. வீட்டில் நாய், பூனை இல்லை. ஆனால் இரவு இரண்டு மணிக்கு நெஞ்சு இறுகி எழுந்து உட்கார்ந்துகொள்கிறார்கள். பகலில் ஊதிப் பார்க்கும் பரிசோதனை செய்தால் எல்லாம் சரியாகவே இருக்கிறது.

"வேலை முடிஞ்சு வீட்டுக்கு வந்து என்ன செய்வீங்க?" என்று கேட்டால்தான் விஷயம் வெளியே வரும். "சும்மா பழைய ரேஸ் காரு மாடல் செய்வேனுங்க" என்பார். கூட வந்திருக்கும் மனைவி விடமாட்டார். "ஏனுங்க டாக்டர், அந்த ரூமுக்குள்ள கால் வைக்க முடியாதுங்க, அத்தனை தின்னர் வாசம்."

இந்த ஊரில் இப்படி ஒரு பொழுதுபோக்கு வேர்விட்டதில் ஆச்சரியமே இல்லை. மாருதி 800 இன்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உருவாக்கிய கரிவர்தன் கோவைக்காரர். 1995இல் விமான விபத்தில் இறந்த அவருடைய பெயரில்தான் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. 2005இல் ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா ஒன்னில் இறங்கிய நரேன் கார்த்திகேயனும் நம் ஊர்தான். அதோடு பேட்டர்ன் கடை, லேத் பட்டறை, மோட்டார் பம்ப் கம்பெனி என்று கைவேலை ரத்தத்தில் ஊறிய ஊர். இங்கே மாடல் செய்பவர் கிட்டில், அதாவது பாகங்கள் அடங்கிய பெட்டியில், இருப்பதை ஒட்டி அலமாரியில் வைத்துவிட்டுப் போகிற ஆள் அல்ல.

லோட்டஸ் 49ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1967இல் ஹாலந்தின் ஸான்ட்வூர்ட் களத்தில் அறிமுகமாகி, முதல் பந்தயத்திலேயே ஜிம் கிளார்க் ஜெயித்த கார். அதன் காஸ்வொர்த் இன்ஜினைத் தாங்கத் தனியாகச் சட்டம் (சேஸிஸ்) கிடையாது. இன்ஜினே சட்டம், பின்சக்கரங்களின் சஸ்பென்ஷன் அதிலேயே தொங்கும். மூடி மறைக்க முடியாதபடி எல்லாம் வெளியே தெரியும் கார் என்பதால் எட்டு காற்றுக் குழல்களையும் அலுமினியத்தில் கடைந்து, பிளக் வயர்களைத் தலைமுடி கனத்தில் இழுத்து வைக்கிறார்கள். நிஜக் காரில் முன் பின் சக்கர அச்சுகளுக்கு இடையே 2,413 மில்லிமீட்டர். இருபதில் ஒரு பங்கு மாடலில் அது 120.65 வர வேண்டும். வெர்னியர் அளவுகோலை வைத்துப் பார்த்து, அரை மில்லிமீட்டர் பிசகினால் பிரித்துவிட்டு மறுபடி செய்கிறவர்களை எனக்குத் தெரியும்.

பிரச்சினை இந்த அளவெடுப்பில் இல்லை. அதற்கு அப்புறம் வரும் பளபளப்பில் இருக்கிறது.

ஒருவர் செல்போனில் படம் காட்டினார். (அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) பன்னிரண்டில் ஒரு பங்கு அளவு லோட்டஸின் மூக்குப் பகுதி, பச்சை நிறம், நடுவில் மஞ்சள் பட்டை. அதன் மேல் டியூப் லைட் ஒரு கோணல் இல்லாமல் நேர்க்கோடாகத் தெரிகிறது. "இது என்ன கிளியர் அடிச்சீங்க?" என்று கேட்டேன். "டூ-கே தானுங்க. காரு பட்டறையிலயே கால் லிட்டர் வாங்கிக்குவேன். ராத்திரி சாப்ட்டுட்டு ஒம்போது மணிக்கு உக்காந்தா பத்துக்குள்ள அடிச்சு முடிச்சிருவேன்." அடித்த பாகத்தைத் தூசி படாமல் டிபன் டப்பாவால் மூடி, கட்டிலுக்குப் பக்கத்து மேசையில் காய வைப்பாராம்.

டூ-கே என்பது இரண்டு டப்பா சமாச்சாரம். ஒன்று கிளியர், அதாவது நிறத்துக்கு மேல் பளபளப்புக்காக அடிக்கும் நிறமில்லாத பூச்சு. இன்னொன்று அதை இறுக வைக்கும் ஹார்ட்னர். அந்த ஹார்ட்னரில் இருப்பது ஐசோசயனேட் வகை ரசாயனம். தொழில் காரணமாக வரும் ஆஸ்துமாவுக்கு உலகம் முழுக்க முக்கியக் காரணங்களில் ஒன்று இது. கார் பெயிண்டர்கள் இதற்கு அதிகம் பலியாகிறார்கள். இதன் குணம் அலாதியானது. முதல் நாள் ஒன்றும் செய்யாது. மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் ஒன்றும் செய்யாது. ஆனால் உள்ளே உடம்பு அதைப் பகையாளி என்று குறித்துவைக்கத் தொடங்கியிருக்கும். அந்தக் குறிப்பு முடிந்த பிறகு, மற்றவர்களுக்கு எந்தத் தொல்லையும் தராத துளி அளவே போதும், மூச்சுக்குழாய் சுருங்கிவிடும். "இத்தனை நாளா அடிக்கறேன், ஒண்ணும் ஆகலையே" என்ற வாதம் இதனிடம் எடுபடாது.

வாசனையை நம்பவும் முடியாது. மனைவிக்கு வீசிய வாசம் தின்னருடையது. ஐசோசயனேட் நம் மூக்குக்குத் தெரிகிற அளவை எட்டும்போது, பாதுகாப்பான அளவை எப்போதோ தாண்டியிருக்கும். அடுத்தது நேரக் கணக்கு. மூச்சுத்திணறல் உடனே வராமல் நாலு முதல் எட்டு மணி நேரம் கழித்து வருவது சகஜம். ஒன்பது மணிக்கு அடித்தால் இரண்டு மணிக்கு எழுப்பும். அதனால்தான் பலரும் மெத்தைத் தூசி, ஏசி குளிர் என்று எதையெதையோ சந்தேகப்படுகிறார்கள்.

கொங்கு நாட்டில் சந்தேகப்பட இன்னும் நிறைய இருக்கிறது. ஆனி, ஆடியில் மூச்சு வாங்கினால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றின் மேல் பழி. திருப்பூர், அவிநாசிப் பக்கம் என்றால் பஞ்சுத் தூசி. பஞ்சு நோய்க்கு ஓர் அடையாளம் உண்டு: வார விடுமுறை முடிந்து மில்லுக்குத் திரும்பும் முதல் நாள் நெஞ்சு அதிகமாக இறுகும். சனி, ஞாயிறில் மாடலுக்கு ஸ்ப்ரே அடிக்கிற மில் ஆபீஸ்காரருக்கும் திங்கட்கிழமைதான் மோசமாக இருக்கும். விசாரிக்காமல் விட்டால் மில்லை நிறுத்தச் சொல்லிவிட்டு ஹார்ட்னரை விட்டுவிடுவோம்.

கணவாய்க் காற்றுக்கும் இதில் ஒரு பங்கு இருக்கத்தான் செய்கிறது, வேறு விதத்தில். காற்று மாதங்களில் ஜன்னலைத் திறந்து வைத்தால் ஈரப் பெயிண்டில் மண் வந்து உட்காரும். மழை நாளில் காற்றின் ஈரம் பட்டு லாக்கர் பூச்சு வெள்ளை பூத்துவிடும். ஆகவே ஜன்னல் சாத்தப்படுகிறது, ஏசி போடப்படுகிறது. அறையில் இருக்கும் ஆவியையே ஏசி சுற்றிச் சுற்றிக் கொடுக்கிறது.

"மாஸ்க் போட்டுக்கறேனுங்க" என்பார்கள். என்ன மாஸ்க் என்றால் கொரோனாவில் மிச்சமான என்95. அது தூசிக்கு நல்லது. உப்புத்தாள் தேய்க்கும்போது தாராளமாகப் போட்டுக்கொள்ளுங்கள். ஆவியை அது தடுக்காது. தின்னர், லாக்கர் வேலைக்குக் கரி நிரப்பிய கார்ட்ரிட்ஜ் வைத்த ரப்பர் மாஸ்க் வேண்டும். கோவையில் இண்டஸ்ட்ரியல் சேஃப்டி சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கிறது. தாடி இருந்தால் ஓரத்தில் கசியும். டூ-கேவுக்கு அதுவும் நம்பத் தகுந்ததில்லை: கார்ட்ரிட்ஜ் தீர்ந்துபோனதை வாசனை வைத்துக் கண்டுபிடிக்கிற வழி இங்கே இல்லை. வெளியிலிருந்து குழாய் வழியாகச் சுத்தக் காற்று வரும் முகமூடி, மூடிய ஸ்ப்ரே பூத் இரண்டும் உள்ள இடத்தில் அடிக்க வேண்டிய பொருள் அது. ஆன்லைனில் விற்கிற சின்ன ஸ்ப்ரே பெட்டியின் ஃபில்டர் பெயிண்ட் துகளை மட்டும் பிடிக்கும். அதன் குழாயை ஜன்னலுக்கு வெளியே விடாவிட்டால் ஆவி உங்கள் முதுகுப் பக்கமாகத் திரும்பி வருகிறது.

அதனால் என் பேச்சு ஒன்றுதான்: டூ-கே கிளியர் வீட்டுக்குள் வேண்டவே வேண்டாம். இதை டாக்டர் சொன்னால் கசக்கும். மாடல்காரர்களிடம் அவர்கள் பாஷையிலேயே பேசிப் பார்க்கிறேன். 1957இல் நூர்பர்க்ரிங்கில் ஃபாஞ்சியோ ஜெயித்த மஸராட்டி 250எஃப்பின் மேல் எந்தக் கிளியர் இருந்தது? நிறத்துக்கு மேல் தனியாகக் கிளியர் அடிக்கும் முறை கார்களில் பரவலானதே 80களில்தான். அந்தக் காலத்துப் பந்தயக் கார் நேரடி நிறம், எண்ணெய்க் கறை, ரோட்டு மண்ணோடுதான் ஓடியது. இன்னொரு கணக்கும் போட்டுக் காட்டுவேன். மாடலில் கிளியர் 0.1 மில்லிமீட்டர் கனம் ஏறினால், இருபதில் ஒரு பங்கு அளவுக்கு அது நிஜக் காரில் 2 மில்லிமீட்டர் கனத்துக்குச் சமம். நிஜக் காரின் பெயிண்ட் மொத்தமே ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர்தான் இருக்கும். அச்சு தூரத்தில் அரை மில்லிமீட்டரைச் சகிக்காதவர், வெல்லப் பாகில் முக்கி எடுத்த முறுக்கு போல ஒரு காரைச் சகிப்பது எப்படி? இந்தக் கேள்விக்கு மருந்துச்சீட்டைவிடப் பலன் அதிகம்.

1972இல் ஃபிட்டிபால்டி சாம்பியன் ஆன கறுப்பு, பொன் நிற லோட்டஸ் 72 செய்பவர்கள் மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஸ்டிக்கர் ஓரம் தெரியக் கூடாது, அதனால் கிளியர் கட்டாயம் என்பார்கள். சரி, தண்ணீரில் கரையும் அக்ரிலிக் கிளியரை மெல்லிசாக அடித்து, வாட்டர் பேப்பர் போட்டு மெருகேற்றுங்கள். நேரம் பிடிக்கும். பிடிக்கட்டும்.

ஏற்கெனவே மூச்சு இறுக ஆரம்பித்தவருக்குக் குறைத்து அடிக்கிற சலுகை கிடையாது, அடியோடு நிறுத்த வேண்டும். சீக்கிரம் நிறுத்தினால் தேறும் வாய்ப்பு அதிகம். இன்ஹேலரை இழுத்துக்கொண்டே ஸ்ப்ரே அடித்தால், பிறகு நிறுத்தினாலும் ஆஸ்துமா நிரந்தரமாகத் தங்கிவிடலாம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஃபார்முலா மாருதிக்கு ஜப்பான் கம்பெனி எதுவும் கிட் போடப்போவதில்லை. செய்ய ஆசைப்படுகிறவர்கள் 3டி பிரிண்டரில் ரெசின் என்ற திரவத்தை இறுக வைத்துப் பாடியை எடுக்கிறார்கள். அந்த ரெசின் இறுகாத நிலையில் தோலில் பட்டுப் பட்டு ஒவ்வாமை வந்தால் விரல் நுனி வெடிக்கும், கண் இமை வீங்கும். பல் அடைக்கும் பொருளும் இதே அக்ரிலேட் குடும்பம் என்பதால் பல் டாக்டரிடம்கூட ஒத்துக்கொள்ளாமல் போகலாம். நைட்ரைல் கையுறை போடுங்கள், ரெசின் பட்டால் உடனே மாற்றுங்கள். பிரிண்ட் எடுத்த பாகத்தைக் கழுவிய ஆல்கஹாலை சிங்க்கில் ஊற்றாதீர்கள்.

பழைய ஒயிட் மெட்டல் (வெள்ளை உலோகக் கலவை) கிட்டுகளில் ஈயம் கலந்திருக்கலாம். அரம் போட்ட பொடியைத் துடைப்பத்தால் கூட்டாமல் ஈரத்துணியால் துடையுங்கள். சாப்பாட்டு மேசையில் இந்த வேலை கூடவே கூடாது. தவழும் குழந்தை உள்ள வீட்டில் ஈயம் பெரியவரைவிடக் குழந்தையைத்தான் முதலில் தாக்கும். சந்தேகம் இருந்தால் ரத்தத்தில் ஈய அளவு பார்க்கலாம்.

சூப்பர் குளூவைத் துடைக்க நம் ஊரில் எல்லார் கையும் போவது பனியன் வேஸ்ட்டிடம். பருத்தியில் அந்தப் பசை பட்டால் சட்டென்று சூடேறி, விரலைச் சுட்டு, கண் எரியும் புகை கிளம்பும். வேறு எதையாவது எடுங்கள்.

இரவு இருமல் இருந்து, நீங்களும் இந்த ஆர்வம் உள்ளவர் என்றால், மருந்துக்கடையில் ஒரு பீக் ஃப்ளோ மீட்டர் (ஊதும் மூச்சின் வேகத்தை அளக்கும் சின்னக் கருவி) வாங்கி, விழித்திருக்கும் நேரத்தில் நாளைக்கு நாலு முறையாவது ஊதி எழுதி வையுங்கள். இரண்டிலிருந்து நாலு வாரம் வேண்டும். ஸ்ப்ரே அடித்த நாள், அடிக்காத நாள் இரண்டும் அதில் இருக்கட்டும். ஊருக்குப் போய் ஒரு வாரம் இருந்தபோது நன்றாக இருந்தீர்களா என்பதையும் குறியுங்கள். ஒருநாள் கிளினிக்கில் எடுக்கும் பரிசோதனை சொல்லாததை அந்த நோட்டு சொல்லும். கூடவே நீங்கள் பயன்படுத்தும் டப்பாக்களின் லேபிளைப் படம் எடுத்து வாருங்கள். பட்டறையில் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வாங்கிய ஹார்ட்னராக இருந்தால் திரும்பப் போய் மூல டப்பாவைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், பாட்டிலை அங்கேயே கொடுத்துவிடுங்கள். தண்ணீர் என்று நினைத்து வீட்டில் யாராவது குடித்துவைத்தால் அது வேறு டாக்டரின் கேஸ்.