காளைக்கு மாலை, நாய்க்குச் சாக்குப்பை

எங்கள் காரைக்குடிப் பக்கம் கோயில் காளை இறந்தால் ஊரே கூடும். குளிப்பாட்டி, மஞ்சள் குங்குமம் வைத்து, மாலையும் வேட்டி துண்டும் போட்டு, கொட்டு முழக்கோடு கொண்டுபோய் அடக்கம் செய்வார்கள். சிராவயல் மஞ்சுவிரட்டில் பேர் வாங்கிய மாடு என்றால் கேட்கவே வேண்டாம். மீசைக்காரர்கள் குலுங்கிக் குலுங்கி அழுவார்கள், யாரும் கேலி செய்ய மாட்டார்கள். அதே ஊரில் பத்துப் பன்னிரண்டு வருடம் முகப்பில் படுத்துக் கிடந்த நாய் செத்தால், சாக்கில் கட்டி, யார் கையிலாவது இருநூறு ரூபாயைத் திணித்து, "எங்கேயாவது போட்டுட்டு வாப்பா" என்று அனுப்பிவிடுகிறோம். வீட்டில் யாராவது அழுதால், "நாய்க்குப் போயா?" என்கிறோம்.

நாய்க்கு மரியாதை செய்வது நமக்குப் புதிதும் இல்லை. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. 7-ஆம் நூற்றாண்டு. வீரனோடு சேர்ந்து கோவிவன் என்ற நாய்க்கும் அதில் உருவம் உண்டு. இரண்டு கள்வரைக் கடித்து நின்றது என்று பேர் சொல்லி வெட்டி வைத்திருக்கிறார்கள்.

காரைக்குடி வட்டாரத்தில் கால்நடை மருத்துவம் பார்க்கிற எனக்கு, இந்த அடக்கி வைத்த அழுகை அதிகம் தெரிவது பெரிய வீடுகளில்தான். பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருப்பார்கள். முகப்பு, வளவு, ரெண்டாங்கட்டு என்று நீளும் வீட்டில் ஒரு ஆச்சி, ஒரு சமையல்காரம்மா, ஒரு நாய். அப்படி ஒரு ஆச்சி, நாய் போய் ஒரு வாரம் ஆகியும் மகனிடம் சொல்லவில்லை. "கூச்சமா இருக்கு தம்பி. அப்பச்சி போனதுக்கே நான் இப்படி உக்காரலையேன்னு நெனைப்பான்" என்றார். அப்பச்சி என்றால் எங்கள் பக்கம் அப்பா. நான்கு மணிக் காப்பிக்கு அது வந்து காலடியில் உட்காரும், அந்த நேரத்தில்தான் முடியவில்லை என்றார். இது பைத்தியக்காரத்தனம் இல்லை. நாளில் பத்துத் தடவை பேசிய ஒரே உயிர் இல்லாமல் போயிருக்கிறது. வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் "வேற குட்டி வாங்கி அனுப்புறோம்" என்பதற்கு முன், பத்து நிமிடம் அந்த நாயைப் பற்றிப் பேச விட்டால் போதும். மாதக்கணக்கில் சாப்பாடும் தூக்கமும் சரியாகவில்லை என்றால் மனநல மருத்துவரைப் பார்க்கலாம், தப்பில்லை.

குற்ற உணர்ச்சிதான் பெரிய பாரம். "முன்னாடியே கூட்டி வந்திருந்தா பிழைச்சிருக்குமோ?" என்று கேட்காதவர் குறைவு. வயதான நாய்களுக்குச் சிறுநீரகக் கோளாறு சகஜம். சிறுநீரகத்தின் வேலைத்திறன் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் போன பிறகுதான் பெரும்பாலும் வெளியே தெரியவே ஆரம்பிக்கும். அதுவரை நாய் வாலை ஆட்டிக்கொண்டுதான் இருக்கும். நீங்கள் கவனிக்காமல் விட்டீர்கள் என்று அர்த்தமில்லை.

இன்னொன்று, இனிப் பிழைக்காத நாயை ஊசி போட்டு வலியில்லாமல் அனுப்பி வைக்கும் முடிவு. பாவம் வந்து சேருமே என்று தள்ளிப்போடுவார்கள், அல்லது மகன் வரட்டும் என்று காத்திருப்பார்கள். எழ முடியாமல், இருந்த இடத்திலேயே நனைந்து, புண் வைத்துக் கிடக்கும் நாய்க்கு அந்தக் காத்திருப்பு தண்டனை. நான் சொல்லும் வழி எளிது. தினத்தாள் காலண்டரில், அது சாப்பிட்டு, தானாக எழுந்து நடந்த நாளுக்கு ஒரு கோடு, மற்ற நாளுக்குப் பெருக்கல் குறி. பெருக்கல் கூடிவிட்டால் மருத்துவரிடம் பேசுங்கள். கொடுப்பது அளவுக்கு அதிகமான மயக்க மருந்து. முதலில் நினைவு போகும், அப்புறம்தான் மூச்சும் இதயமும் நிற்கும். கண் மூடாது. போன பிறகும் ஒன்றிரண்டு தடவை வாய் திறந்து மூச்சு இழுப்பது போலத் தெரியும், சிறுநீர் போகும். வலியில் துடிக்கிறதோ என்று பயந்துவிடாதீர்கள். கூட இருக்க முடிந்தவர்கள் தலையைத் தடவிக்கொண்டு இருங்கள். முடியாதவர்கள் வெளியே நிற்கலாம், அதுவும் குற்றமில்லை.

அடக்கம் செய்யச் சொந்தத் தோட்டம் இருந்தால் நல்லது. எங்கள் செம்புரை மண்ணில் கோடையில் கடப்பாரை இறங்காது, ஆள் வைத்து மூன்று நாலு அடியாவது தோண்டுங்கள். மேலாகப் புதைத்தால் தெருநாய் கிளறும். ஊசி போட்டு அனுப்பிய நாய் என்றால், அந்த மருந்து உடலில் இருப்பதால், தின்கிற நாய்க்கும் காக்கைக்கும் ஆபத்து. கிணற்றுப் பக்கம் வேண்டாம், ஊருணிக்குத் தண்ணீர் வரும் வரத்துக்கால் பக்கம் கண்டிப்பாக வேண்டாம். உப்பும் சுண்ணாம்பும் போடுவது வழக்கம், போடலாம். ஆனால் அதை நம்பி ஆழத்தைக் குறைக்காதீர்கள். பிளாஸ்டிக் பையைத் தவிர்த்து, பழைய வேட்டியில் சுற்றுங்கள். யாரையாவது கடித்துப் பத்து நாளுக்குள் நாய் இறந்தால், தொடாமல் முதலில் மருத்துவருக்குச் சொல்லுங்கள். வெறிநோயா என்று பார்க்க வேண்டும். கடிபட்டவர், கடித்த உடனேயே காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, தடுப்பூசிக்குப் போக வேண்டும்.

பிள்ளைகளிடம் "ஓடிப்போச்சு" என்று சொல்லாதீர்கள். வாசலைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். செத்துப்போச்சு, இனி வராது, வலியும் இல்லை என்று சொல்லி, குழியில் ஒரு பிடி மண் போட விடுங்கள். வீட்டில் இன்னொரு நாய் இருந்தால் அதையும் கவனியுங்கள். 2022-இல் வெளியான இத்தாலிய ஆய்வு ஒன்றில், நாய் வளர்ப்போர் நானூறு பேருக்கு மேல் விசாரித்தார்கள். கூட இருந்த நாய் இறந்ததும் மற்றது சரியாகச் சாப்பிடுவதில்லை, விளையாடுவதில்லை என்று பலரும் சொல்லியிருக்கிறார்கள். சாப்பாட்டு நேரத்தையும் நடைநேரத்தையும் மாற்றாமல் வைத்திருங்கள்.

படத்தைப் பூஜை அறையில் வைக்கலாமா என்று என்னிடம் கேட்கிறார்கள். அதற்கு நான் படிக்கவில்லை. ஆனால் குழி மேல் ஒரு வேப்பங்கன்று வைக்கலாம். அதன் பேரில் நாலு தெருநாய்களுக்கு வெறிநோய்த் தடுப்பூசி போடச் செய்யலாம். செப்டம்பர் 28 உலக வெறிநோய் தினம், அந்தச் சமயத்தில் அரசு கால்நடை மருத்துவமனையில் கேட்டுப் பாருங்கள்.

அடுத்த குட்டிக்கு அவசரம் வேண்டாம். முன்னது பார்வோ என்ற வைரஸ் நோயில் இறந்திருந்தால், கிருமி மண்ணில் மாதக்கணக்கில், ஒரு வருடம் கூட இருக்கும். தடுப்பூசி முடிக்காத குட்டியை அங்கே விடக் கூடாது. எழுபது வயதைத் தாண்டியவர்களுக்கு நான் குட்டியே சொல்வதில்லை. நாய் 12, 15 வருடம் இருக்கும், குட்டியின் ஓட்டத்துக்கு ஈடு கொடுக்கவும் முடியாது. வளர்ந்து நிதானப்பட்ட நாட்டு நாய் ஒன்றைத் தத்தெடுங்கள். உங்களுக்கு உடம்புக்கு முடியாமல் போனால் அதை யார் பார்ப்பது என்று, அது வீட்டுக்கு வரும் முன்பே பிள்ளைகளிடம் பேசி முடித்துவிடுங்கள்.