பெயர் தெரியாத ஈ எல்லாம் புதிய சிற்றினம் ஆகிவிடாது

காளான் குடில்களிலிருந்தும் நாற்றங்கால்களிலிருந்தும் அடையாளம் காண்பதற்காக என்னிடம் வரும் காளான் ஈக்களில் பல, மஞ்சள் ஒட்டுப்பொறியில் ஒட்டியபடியே வந்து சேர்கின்றன. பசையிலிருந்து பிரிக்கும்போது உணர்கொம்புகளும் கால்களும் முறிந்துவிடுவதால், சியாரிடே குடும்பத்தைச் சேர்ந்தது என்பதற்கு மேல் எதுவும் சொல்ல முடிவதில்லை. அதைச் சொல்வதற்கும் தலையாவது சிதையாமல் இருக்க வேண்டும். உணர்கொம்புகளுக்கு மேலே இரு கூட்டுக்கண்களும் பாலம்போல் இணைந்திருப்பதே இக்குடும்பத்தின் முக்கிய அடையாளம்.

சில மில்லிமீட்டர் நீளமே உள்ள இந்தக் கரிய ஈக்கள் வெறும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும். சிற்றினத்தைப் பிரித்துக் காட்டுவது பெரும்பாலும் ஆண் ஈயின் இனப்பெருக்க உறுப்புதான். வயிற்றின் நுனியைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் இட்டுத் தசைகளைக் கரைத்து, கிராம்பு எண்ணெயில் தெளியவைத்து, கனடா பால்சம் என்ற தெளிந்த பிசினில் கண்ணாடித் தகட்டின்மேல் அடிப்புறம் மேலே தெரியும்படி பதிக்க வேண்டும். சற்றே சாய்ந்து பதிந்துவிட்டாலும், பெண்ணைப் பிடிக்க உதவும் பற்றுறுப்பின் நுனியில் உள்ள பல்லும் அதைச் சுற்றிய முட்களும் நுண்ணோக்கியில் வேறு வடிவமாகத் தெரியும். அந்தப் பொய்த் தோற்றத்தை நம்பிப் புதிய பெயர் வைத்துவிடும் ஆபத்து உண்மையிலேயே உண்டு.

அதைவிடப் பெரிய ஆபத்து, பழைய பெயர்களைத் தேடாமல் விடுவது. மொட்டுக்காளான் படுக்கைகளை அழிக்கும் ஈக்களில் ஒன்று, நூல்களில் லைக்கோரியெல்லா சொலானி, லைக்கோரியெல்லா மாலி என்றெல்லாம் வழங்கிவந்தது. பிரெஞ்சுப் பூச்சியியலாளர் துஃபூர் 1839-இல் சூட்டிய இன்ஜெனுவா என்ற பெயரே முந்தியது என்பதால் இன்று அதுவே நிற்கிறது. ஒரே பூச்சியைப் பற்றிய ஆய்வுகள் பல பெயர்களில் சிதறிக் கிடந்தால், தடுப்பு முறையைத் தேடுகிற விவசாயிக்குப் பாதித் தகவல்தான் கிடைக்கும். சிற்றினத்தை அடையாளம் காணப் பயன்படும், 658 கார இணைகள் கொண்ட டிஎன்ஏ துண்டான டிஎன்ஏ பார்கோடு, சந்தேகத்தை எழுப்புவதற்கும், ஒரே சிற்றினத்தின் ஆணையும் பெண்ணையும் இணைத்துப் பார்ப்பதற்கும் அருமையான துணை. ஆனால், பழைய சிற்றினங்கள் பலவற்றுக்கு ஒப்பிடுவதற்கான பார்கோடே இல்லாதபோது, தரவுத்தளத்தில் பொருத்தம் கிடைக்கவில்லை என்பதை மட்டும் வைத்துப் புதியது என்று முடிவு செய்வது தவறு.

1999-க்குப் பின் வெளியாகும் எந்தப் புதிய சிற்றினப் பெயரும் செல்லுபடியாக, அந்தப் பெயருக்கு அடிப்படையான மாதிரி (பொதுவாக ஹோலோடைப் எனப்படும் ஒற்றை மாதிரி) எது என்று வெளிப்படையாகக் குறிக்க வேண்டும். அது எந்தச் சேகரிப்பில் வைக்கப்படும் என்பதையும் எழுத வேண்டும். இணையத்தில் மட்டும் வெளியிடுவதானால் விலங்குப் பெயர்களுக்கான அதிகாரப்பூர்வ இணையப் பதிவேடான சூபேங்கில் பதிவதும் கட்டாயம். இந்தியாவில் கண்டறிந்தவருக்கு மேலும் ஒரு கடமை உண்டு: 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் 39-ஆம் பிரிவுப்படி, அதற்கென அறிவிக்கப்பட்ட காப்பகத்துக்குத் தகவல் தந்து, சான்று மாதிரிகளையும் ஒப்படைக்க வேண்டும். மாதிரியைச் சொந்த அலமாரியில் வைத்துக்கொள்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். பூஞ்சணம் பிடித்து அழிந்த ஹோலோடைப்பைப் பின்னால் வருபவர் எதனோடு ஒப்பிடுவார்?

எனவே மாதிரி அனுப்புவோர், உறிஞ்சு குழாயால் பிடித்த ஈக்களை, ஆண், பெண் இரண்டும் இருக்கும்படி, செறிந்த எத்தனாலில் இட்டு அனுப்புங்கள். இடம், தேதி, எந்தப் படுக்கை என்பவற்றைப் பென்சிலால் எழுதிக் குப்பிக்கு உள்ளேயே போடுங்கள். பேனா மை எத்தனாலில் கரைந்துவிடும்.