முக்காலியை அழித்தால் தப்பா?

செய்திக்காக, வாணியம்பாடிப் பக்கம் பாலாற்றங்கரையில், சுற்றிலும் ஒரே நேரத்தில் படம் பிடிக்கும் 360 டிகிரி கேமரா ஒன்றை நிறுத்துகிறோம் என்று வைத்துக்கொள்வோம். முதுகோடு முதுகாக, மிக அகலமாகப் பார்க்கும் இரண்டு மீன்கண் லென்ஸ்கள். ஒவ்வொன்றும் அரைவட்டத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே பார்க்கும். ஓரங்களில் இரண்டிலும் பதிவானதை ஒப்பிட்டு மென்பொருள் படங்களைத் தைத்துவிடும். தையல் விழும் இடத்தில், அதுவும் கேமராவுக்குப் பக்கத்தில், யாராவது நடந்தால் பாதிக் கை காணாமல் போகும். இரண்டு லென்ஸும் அவரைச் சற்று வேறுவேறு இடத்திலிருந்து பார்க்கின்றன. கீழே கேமராவைத் தாங்கும் முக்காலி தெரியும். அதை அழித்து மண்ணைப் பூசிவிடுவார்கள்.

2014-இல் சிரியாப் போர்ப் படமொன்றின் மூலையில் கிடந்த வீடியோ கேமராவை அழித்ததற்காக, புலிட்சர் பரிசு வாங்கிய புகைப்படக்காரரையே ஏபி செய்தி நிறுவனம் விலக்கியது. முக்காலி போனால் போகட்டும், சொல்லிவிட்டு அழித்தால் சரி என்பேன். எனக்கு உறுத்துவது வேறு. நாலு பக்கமும் பதிவாவதால் செய்தியாளர் சுவருக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறார். பார்ப்பவருக்கோ, யாரும் சொல்லாமல் தானே நேரில் பார்ப்பதாக நினைப்பு. கேமராவை வைப்பது தோல் தொழிற்சாலைக் கழிவு விழும் இடத்திலா, அரை கிலோமீட்டர் தள்ளியா என்று முடிவு செய்த ஆள்தான் படத்திலேயே இல்லையே!

இந்தப் படத்தைக் கண்ணில் மாட்டிப் பார்க்கும் ஹெட்செட்டில் தலையைத் திருப்பினால் சுமார் 20 மில்லிநொடிக்குள் காட்சியும் திரும்ப வேண்டும், பிந்தினால் தலைசுற்றும். சரியாக வந்தால் உடம்பு நம்பிவிடும். 2012-இல் சண்டான்ஸ் திரைப்பட விழாவில் செய்தியாளர் நோனி டி லா பேன்யா காட்டிய ஹெட்செட் படைப்பில், இலவச உணவு வரிசையில் சர்க்கரை நோயாளி ஒருவர் மயங்கி விழுவார். ஒலி நிஜம், ஆட்கள் கணினி உருவங்கள். அப்படியும் பார்த்தவர்களில் சிலர் அழுதார்கள்.

ஆனால் பாலாற்றுச் சிக்கல் அழுகையில் பிடிபடாது. உப்பேறிய கிணற்றுத் தண்ணீர் ஹெட்செட்டிலும் தெளிவாகத்தான் தெரியும். வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் ஆய்வறிக்கைகளை எடுத்துவைத்துத்தான் பேசியது: தோல் தொழிற்சாலைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் நிலம் பகுதியாகவோ முழுதாகவோ பயிருக்கு உதவாமல் போயிருந்தது. அந்த எண் காட்சியோடு சேர்ந்து வராவிட்டால் அது வெறும் ஆற்றங்கரை உலா.

அப்புறம், வழியே போகிறவர்கள். சாதாரணக் கேமரா என்றால் தொழிற்சாலைக்குப் போகும் அக்கா ஒதுங்கி நடக்கலாம். இதற்கு எந்தப் பக்கம் ஒதுங்குவது? முகத்தை மங்கலாக்கினாலும் நடையை வைத்தே ஊர்க்காரர்கள் ஆளைச் சொல்லிவிடுவார்கள். கேமராவை ஓடவிடும் முன் சுற்றியுள்ளவர்களிடம் போய்க் கேட்டாக வேண்டும். ஒருவர் வேண்டாம் என்றாலும் இடத்தை மாற்ற வேண்டியதுதான்.