மாமத் குகை: வெளியே வரும்போது எதற்குக் கால்மிதி?

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் இருக்கும் மாமத் குகைதான் இதுவரை அளந்தவற்றில் உலகிலேயே நீளமானது. 680 கிலோமீட்டருக்கும் மேல். ரேஞ்சர் சுற்றிக்காட்டி வெளியே அழைத்து வந்ததும், வழியில் சோப்புக் கரைசலில் ஊறிய கால்மிதிகள் நீளமாகக் கிடக்கும். அவற்றின்மேல் நடந்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். குகைக்குள் போய்வந்த எல்லோருக்கும் இது கட்டாயம்.

உள்ளே நுழையும்போது காலைத் துடைப்பதுதானே வழக்கம், இதென்ன தலைகீழாக? காரணம், கிருமி ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. வௌவால்களைக் கொல்லும் 'வெள்ளை மூக்கு நோய்' 2013 ஜனவரியில் இந்தக் குகை இருக்கும் தேசியப் பூங்காவில் உறுதியானது. இனி அதை இங்கிருந்து வேறு குகைக்கு யாரும் சுமந்துபோகாமல் பார்ப்பதுதான் இந்த விதியின் நோக்கம்.

நோய்க்குக் காரணம் ஒரு பூஞ்சை. குளிரும் ஈரமும் அதற்குப் பிடிக்கும். குளிர்காலம் முழுக்க உடம்பில் சேர்த்த கொழுப்பை வைத்தே தூங்கிக் கழிக்கும் வௌவாலின் மூக்கிலும் இறக்கைத் தோலிலும் மாவு தூவியதுபோல் படரும். வௌவால் அடிக்கடி விழித்துக்கொள்ளும். ஒவ்வொரு முறை விழிக்கும்போதும் கொழுப்பு கரையும். பூச்சிகள் வெளியே வரும் வசந்தம் வருவதற்குள் கையிருப்பு தீர்ந்து, பட்டினியில் சாகும். 2006இல் நியூயார்க் மாநிலத்துக் குகை ஒன்றில் முதலில் தென்பட்ட இந்த நோய்க்கு, 2012க்குள் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட வௌவால்கள் பலியானதாக அந்நாட்டு வனவிலங்குத் துறை கணக்கிட்டது. பல இனங்கள் வருடத்துக்கு ஒரே ஒரு குட்டிதான் போடும். விட்டதைப் பிடிக்க எத்தனை காலம் ஆகும் என்று பாருங்கள்.

மனிதருக்கு இந்த நோய் வராது. ஆனால் பூஞ்சையின் வித்துகள் ஷூவின் அடிச்சேற்றிலும் துணியிலும் பையிலும் ஒட்டிக்கொண்டு வெகுதூரம் பயணிக்கும்.

சரி, போகிறவர்கள் என்ன செய்ய வேண்டும்? வேறு குகைக்கோ சுரங்கத்துக்கோ போட்டுப்போன ஷூ, உடை, பை எதையும் இங்கே கொண்டுவரக் கூடாது. தோய்த்துவிட்டேனே என்றால் போதாது. குகை ஆய்வாளர்கள் பின்பற்றும் முறைப்படி, சேற்றை நன்றாகத் தேய்த்து எடுத்துவிட்டு, குறைந்தது 55 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் 20 நிமிடம் முழுக்க அமிழ்த்தி வைக்க வேண்டும். அந்த மெனக்கெடலுக்கு, குகை பார்க்காத வேறொரு ஜோடி ஷூவைப் போட்டுப் போவது எளிது.

ஆண்டுக்கு 5 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வரும் இடம். இழுத்து மூடாமல், வருகிறவர்கள் காலைக் கழுவ வைத்திருக்கிறார்கள். எனக்கு இது நியாயமாகத்தான் படுகிறது. ஓட்டையும் இல்லாமல் இல்லை. கால்மிதி ஷூவின் அடியை மட்டும்தான் பார்த்துக்கொள்ளும். சட்டையும் பையும் அவரவர் நேர்மையைப் பொறுத்தது. வௌவாலே வௌவாலுக்குப் பரப்புவதையும் கால்மிதியால் தடுக்க முடியாது.

அப்புறம், உள்ளே தரையிலோ சுவரிலோ வௌவாலைப் பார்த்தால் தொடாதீர்கள். ரேபிஸ் அபாயமும் உண்டு. ரேஞ்சரிடம் சொன்னால் போதும்.