10 டன் கிரேன் 3 டன் மரத்தைத் தூக்குமா?

2016 டிசம்பரில் வர்தா புயல் கரையைக் கடந்தபோது சென்னைத் தெருக்களில் விழுந்த மரங்களுக்குக் கணக்கில்லை. அப்படி ஒரு தூங்குமூஞ்சி மரத்தின் அடித்துண்டை எடுத்துக்கொள்வோம்: விட்டம் 1 மீட்டர், நீளம் 4 மீட்டர். பச்சை மரம் கன மீட்டருக்குத் தோராயமாக 1 டன் என்றால், துண்டின் எடை 3 டன்னுக்குக் கொஞ்சம் மேல். '10 டன்' என்று எழுதிய லாரி கிரேன் வந்து நிற்கிறது. தூக்கிவிடும்தானே?

துண்டு எவ்வளவு தூரத்தில் கிடக்கிறது என்று தெரியாமல் பதில் சொல்ல முடியாது. அந்த 10 டன், கிரேன் தனக்கு மிக அருகில் தூக்கக்கூடிய எடை. இடுப்பில் சுமக்கும் குடத்தை நீட்டிய கையில் பிடித்துப் பாருங்கள், புரியும். சுமையைத் தூரத்தால் பெருக்கினால் கிரேனைக் கவிழ்க்கப் பார்க்கும் திருப்புவிசை கிடைக்கும். 2.5 மீட்டரில் 10 டன் என்றால் 25 டன்-மீட்டர். நம்முடைய மரத்துண்டு 8 மீட்டர் தள்ளிக் கிடந்தாலே அதுவும் 25ஐத் தொட்டுவிடுகிறது. நீண்டுகிடக்கும் பூமின் (கிரேனின் தூக்கும் கை) எடை வேறு இருக்கிறது. அதனால்தான் ஆபரேட்டர்கள் கண்ணாடியில் எழுதியதை விட்டுவிட்டு எந்தத் தூரத்தில் எவ்வளவு தூக்கலாம் என்று சொல்லும் லோடு சார்ட்டைப் பார்க்கிறார்கள்.

தூக்கும் பலத்துக்குப் பஞ்சமில்லை. லாரி எஞ்சினே பம்பை ஓட்டி, பூமைத் தூக்கும் சிலிண்டருக்குள் எண்ணெயை அழுத்துகிறது. சதுர செ.மீ.க்கு 200 கிலோ அழுத்தம், 15 செ.மீ. விட்டமுள்ள சிலிண்டர் என்றால் உந்துவிசை சுமார் 35 டன். சிலிண்டர் பூமின் அடிப்பக்கத்தில் தள்ளுவதால் இவ்வளவு தேவைப்படுகிறது. ஹோஸ் வெடித்தாலும் பூம் சடாரென்று விழாமலிருக்க, சிலிண்டரிலேயே எண்ணெயைப் பூட்டும் வால்வு ஒன்று உண்டு.

பிரச்சினை கவிழ்வதில்தான். லாரியின் அகலம் 2.5 மீட்டர்தான். பக்கவாட்டுக் கால்களை நீட்டி ஊன்றினால், கவிழ வேண்டிய விளிம்பு வெளியே தள்ளிப்போகும். இடமில்லாத தெருவில் ஒரு பக்கக் காலைப் பாதி மட்டும் நீட்டினால், அந்தப் பக்கம் தூக்கும் திறனும் சரிந்துவிடும்.

அப்புறம் தரை. 30 செ.மீ. சதுரப் பாதத்தில் 10 டன் இறங்கினால் சதுர மீட்டருக்கு 111 டன். அடியில் 1 மீட்டர் சதுரத்துக்கு வலுவான கட்டையோ இரும்புத் தகடோ போட்டால் அது 10 டன்னாகக் குறையும். பள்ளிக்கரணைப் பக்கத்து ஈரக் களிமண்ணுக்கு அதுவே அதிகமாக இருக்கலாம். மழைநீர் வடிகால் மூடிமேல் கால் ஊன்றுவது, என்னைக் கேட்டால், சூதாட்டம்.

மரத்துண்டில் இன்னொரு சிக்கல். வேர் மண்ணைப் பிடித்திருந்தால் கிரேன் உணரும் சுமை 3 டன் அல்ல. வேர் அறும்வரை அது ஏறிக்கொண்டே போகும். அறுந்த நொடியில் பூம் துள்ளும். அதனால் வேரை முதலில் வெட்டிவிட வேண்டும். பிறகு துண்டை அரை அடி மட்டும் தூக்கி நிறுத்தி, எந்தக் காலாவது இறங்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மேலே ஏற்ற வேண்டும்.