நுண்ணலை ஆய்வைப் படிக்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி

கைபேசிகளும் மைக்ரோவேவ் அடுப்புகளும் பயன்படுத்தும் நுண்ணலைகள் உயிரணுக்களில் ஏற்படுத்தும் விளைவுகளை அளப்பது என் தொழில் என்பதால், கைபேசிக் கோபுரங்களுக்கு அருகில் குடியிருப்போர் ஏதேனும் ஓர் ஆய்வுச் செய்தியைக் காட்டி அது உண்மைதானா என்று கேட்பதுண்டு. அதன் முடிவைப் படிக்கும் முன்பே நான் தேடுவது, அலைபட்ட உயிரியின் வெப்பநிலையை எவ்வாறு அளந்தார்கள் என்பதைத்தான்.

2000ஆம் ஆண்டில் நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தின் டேவிட் டி பொமராய் குழுவினர், நூற்புழுக்களை இரவு முழுவதும் 750 மெகாஹெர்ட்ஸ் அலைகளுக்கு உட்படுத்தினர். வெப்பத்தால் தாக்குண்ட செல்கள் தம்மைக் காத்துக்கொள்ள உருவாக்கும் புரதங்கள் அப்புழுக்களில் பெருகின. சூடேறாமலேயே இது நிகழ்ந்ததாக 'நேச்சர்' இதழில் எழுதினர். பின்னர் அதே குழுவினர் நுட்பமாக மீண்டும் சோதித்தபோது, புழுக்கள் ஏறத்தாழ 0.2 டிகிரி செல்சியஸ் சூடேறியிருந்ததும், அந்தச் சிறு வெப்பமே அவ்விளைவுக்குக் காரணமாக இருக்கக்கூடும் என்பதும் தெரியவர, 2006இல் அக்கட்டுரையைத் திரும்பப் பெற்றனர். இத்துறையில் நான் பெரிதும் மதிக்கும் செயல்களுள் அதுவும் ஒன்று.

இவ்வளவு சிறிய வெப்பம் கண்ணில் படாமல் போவது எளிது. உலோகக் கம்பியால் ஆன வெப்பமானியை அலைகளுக்கு நடுவே வைத்தால் அதுவே மின்புலத்தைச் சிதைத்துப் பிழையான அளவைத் தரும். ஆகவே உலோகமில்லாத ஒளியிழை உணரிகளையே பயன்படுத்த வேண்டும். செல்களை வளர்க்கும் தட்டில் திரவம் விளிம்பை ஒட்டி மேலேறி வளைந்து நிற்கும் இடத்தில் ஆற்றல் உறிஞ்சப்படும் அளவு மாறுவதால், தட்டு முழுவதற்கும் ஒரே சராசரி எண்ணைத் தரும் ஆய்வை நான் எளிதில் ஏற்பதில்லை. கருவியை இயக்காமல் அதே போன்ற பெட்டிக்குள் அதே அளவு நேரம் வைத்திருந்த ஒப்பீட்டுக் குழு இருந்ததா, விளைவுகளை எண்ணியவருக்கு எது எந்தக் குழு என்பது மறைக்கப்பட்டிருந்ததா என்பனவும் முக்கியமானவை.

உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2011இல், நுண்ணலைகளையும் உள்ளடக்கிய ரேடியோ அலைகளைப் 'புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்னும் 2பி பிரிவில் சேர்த்தது. சான்று ஓரளவே உள்ள நிலையில், ஐயத்தை ஒதுக்கிவிடவும் முடியாதபோது வைக்கப்படும் பிரிவு அது. ஆய்வு தொடர வேண்டும் என்பதே என் கருத்தும்.

வெப்பத்தால் வரும் தீங்கில் ஐயமே இல்லை. கண்ணின் வில்லைக்குள் இரத்த ஓட்டம் கிடையாது. அங்கு சேரும் வெப்பம் விரைவில் வெளியேறாததால் கடும் நுண்ணலை அதில் புரை உண்டாக்கும். கதவு வளைந்த அல்லது சரியாக மூடாத மைக்ரோவேவ் அடுப்பைப் பழுது பார்க்கும்வரை பயன்படுத்தாதீர்கள். கதவைத் திறந்தவுடன் அலையை நிறுத்தும் பூட்டு விசையை எக்காரணம் கொண்டும் செயலிழக்கச் செய்யாதீர்கள்.